எதிர்க் கடையிலும் நீலத் துணி

சேந்தன் தன் கடைக் கொடிக்குக் கீழே நீலத் துணியைக் கட்டி முடிப்பதற்குள், எதிர்க் கடைப் பிட்டனும் ஒரு நீலத் துணியோடு ஏணியில் ஏறிவிட்டான்.

சோழரின் புகார் நகர அங்காடிக்கு இது புதிதல்ல. இருவருக்கும் கருவாட்டு வியாபாரம். சேந்தன் எதைச் செய்தாலும் பிட்டன் செய்வான். இவன் தும்மினால் அங்கேயும் ஒரு தும்மல் கேட்கும்.

ஆனால் இன்று உயிர்ப் பிரச்சினை. சேந்தன் பாண்டியனின் ஒற்றன். வந்து இரண்டு வருடமாகிறது. கருவாடு விற்ற விற்பனையில் உளவு பார்க்க நேரமேது? வாய்க்கு வந்ததை ஓலையில் கிறுக்கி, கருவாட்டுக் கூடைக்குள் வைத்து மதுரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். 'சோழரின் யானைகளுக்கெல்லாம் வயிற்றுப்போக்கு' என்பது போன மாதச் செய்தி. மதுரைக்குச் சந்தேகம் வந்து, விசாரிக்க ஆள் அனுப்பியிருந்தது. நீலத் துணிதான் அடையாளம். வந்தவன் கடை தெரியாமல் திரும்பினால், கட்சி மாறியவன் என்று சேந்தன் தலையை எடுத்துவிடுவார்கள்.

"யோவ் பிட்டா, அதை அவுருய்யா!"

"ஏண்ணே, நீலம் உங்களுக்கு மட்டும்தான் எடுப்பா இருக்குமா?"

"அது... கண்ணேறு படாம இருக்கக் கட்டினது."

சொல்லியிருக்கக் கூடாது. உச்சி வேளைக்குள் தெரு முழுக்க நீலம்.

துணியில்லாத ஒரே கடை என்றாவது கண்ணில் படட்டும் என்று சேந்தன் தன் துணியை அவிழ்த்தான். அந்த நேரம் பார்த்து அங்காடி அதிகாரி வந்தார்.

"இந்திர விழாவுக்குத் தெருவே ஜொலிக்குது, உனக்கு மட்டும் என்னய்யா கேடு?"

தன் கையாலேயே மூன்று துணி கட்டியதோடு, அடுத்த தெருவும் இப்படியே கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார்.

பொழுது சாய்ந்தது. ஆளைக் காணோம். இந்தக் கடையை, இந்த நிம்மதியை விட்டு ஓட வேண்டுமே என்று சேந்தனுக்கு அழுகையே வந்தது. மூட்டை கட்டும்போது பிட்டன் வெற்றிலையை மென்றபடி வந்தான்.

"அண்ணே, மதுரைக்காரர் ஒருத்தர் என் கடைக்கு வந்தாரு. யானைக்கு வயித்துப்போக்கு நெசமான்னாரு."

மூட்டை நழுவி விழுந்தது. "நீ என்ன சொன்னே?"

"சத்தியமா நெசம்னேன். ரெண்டு ஒற்றனும் வரி மாறாம ஒண்ணுபோல எழுதுறாங்களே, ஒரே ஆள்தானோன்னு அவங்களுக்குச் சந்தேகமாம். என்னைப் பார்த்தாரு, அப்படியே உங்களையும் பார்த்தாரு. சந்தேகம் தீர்ந்துச்சுன்னு சிரிச்சுக்கிட்டே போயிட்டாரு."

"ரெண்டு ஒற்றனா? இன்னொருத்தன் யாருய்யா?"

"என்னண்ணே கேள்வி இது? நீங்க கூடைக்குள்ள ஓலை வச்சு அனுப்புறப்ப, நான் மட்டும் வெறும் கருவாட்டையா அனுப்புவேன்? ரெண்டு வருசமா உங்களைப் பார்த்துத்தானே எழுதுறேன்!"