என் மோர்மிளகாய்க்கு ஏழு எதிரிகள்

தன் மேல் தானே புகார் எழுதி, அதில் 'உடனடி நடவடிக்கை தேவை' என்று அழுத்தமாக ஒரு வரியும் சேர்த்து, நடவடிக்கை எடுத்தார்களா என்று இரண்டு தடவை நினைவூட்டலும் அனுப்பிய மனிதன் காவிரி பாயும் இந்த வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், சங்கம் வைத்துவிடலாம்.

நான் மன்னார்குடியில் மோர்மிளகாய் விற்கிறேன். கடையில் இல்லை, இணையத்தில். (கடை என்றால் காலையில் எழுந்து திறக்க வேண்டும்.) குட்டையாக, குண்டாக இருக்கும் எங்கள் பக்கத்து மிளகாயைக் கீறி, உப்புப் போட்ட தயிரில் ஊறவைத்து, மொட்டைமாடியில் காயவைத்து, மறுபடி ஊறவைத்து, மறுபடி காயவைத்துப் பாக்கெட் போடுவது என் மனைவி வசந்தி. அந்தப் பாக்கெட்டின் படத்தைப் போனில் எடுத்து, 'டெல்டாவின் பாரம்பரியச் சுவை' என்று எழுதுவது நான். இரண்டும் சம அளவு உழைப்பு என்பது என் கருத்து. வசந்தியின் கருத்தை இங்கே அச்சிட முடியாது.

ஆரம்பத்தில் ஈ காக்கைகூட வாங்கவில்லை. ரிவ்யூ இல்லாத பொருளை யார் சீண்டுவார்கள்? அந்தச் சமயம் பார்த்து மாமனாருக்குத் திருக்கடையூரில் எண்பதாம் கல்யாணம் வந்தது. கும்பாபிஷேகம் மாதிரி சொந்தம் மொத்தமும் ஓரிடத்தில். கலசத் தண்ணீரை ஊற்றி முடித்து, பந்தி போடுவதற்கு இடையில் கிடைத்த ஒரு மணிநேரத்தில் நான் கிழக்கு வரிசையிலிருந்து மேற்கு வரிசை வரைக்கும் போன்களை வசூல் செய்தேன். "மாப்பிள்ளை ஏதோ கேக்குறாரு, குடுங்க" என்று எல்லோரும் கொடுத்தார்கள். இருபத்திரண்டு போன். இருபத்திரண்டு ரிவ்யூ. அத்தனையும் ஐந்து நட்சத்திரம். 'அருமை', 'அபாரம்', 'அமிர்தம்' என்று அகராதியில் அகரத்தை நானே காலி செய்தேன். (இதைப் போலி என்று சொல்லக்கூடாது. பாசம்.)

பிற்பாடு முகம் தெரியாத யாரோ ஒருவர் வாங்கி நான்கு நட்சத்திரம் போட்டிருந்தார். என்ன எழுதியிருக்கிறார் என்று கூட நான் படிக்கவில்லை. ஐந்து போடத் தெரியாதவர் என்ன எழுதினால் என்ன?

இப்படி ஐந்துக்கு ஒரு மயிரிழை குறைவாக நான் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான், நான் விற்கும் இணையதளத்தை நடத்துகிற நிறுவனத்திலிருந்து செய்தி வந்தது. தீபாவளி விற்பனையில் முதல் பக்கத்தில், முதல் வரிசையில் என் மோர்மிளகாயைக் காட்டப் போகிறார்களாம். ஒரே நிபந்தனை: திங்கட்கிழமை காலையில் கணக்கெடுக்கும்போது சராசரி நாலரைக்குக் கீழே இருக்கக் கூடாது. நான் வசந்தியிடம் சொன்னேன். வசந்தி இரண்டு ஆளை வைத்து மாடி முழுக்க மிளகாய் பரப்பினாள். கால் வைக்க இடமில்லை. தெருவில் போனவர்கள் எல்லாம் தும்மினார்கள்.

மூன்று நாள்தான் பாக்கி. வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டேகாலுக்குப் போனைத் திறந்தேன்.

ஏழு புது ரிவ்யூ. ஏழும் ஒற்றை நட்சத்திரம். சராசரி நான்கில் வந்து நின்றது.

நான் கத்தவில்லை. கத்தியதாக வசந்தி இன்றைக்கும் சொல்கிறாள், எதிர்வீட்டிலும் அப்படித்தான் சொல்கிறார்கள், ஆதாரம் கிடையாது. ஏழையும் படித்தேன். முதலாவது: 'ஏதோ இருக்கு.' இரண்டாவது: 'ஏதோ இருக்கு.' மூன்றாவது: 'ஏதோ இருக்கு.' ஏழாவது ஆள் மட்டும் கொஞ்சம் இலக்கிய ரசனை உள்ளவர் போலிருக்கிறது: 'ஏதோ, இருக்கு.'

"வசந்தி, இது சதி."

"மிளகாய்ல காம்பு கிள்ளாம போயிருக்குமோ?"

"காம்பா? ஏழு பேர், ஒரே வாசகம், ஒரே மணிநேரம். இது கூலிக்கு ஆள் வச்சு எழுதுற ரிவ்யூ. பெரிய கும்பல்."

"நம்ம மிளகாய்க்கு யாருங்க கும்பல் வைக்கப் போறாங்க?"

அந்தக் கேள்வியில் இருந்த அவமரியாதையை நான் கவனிக்கவில்லை, ஏனென்றால் பதில் அதற்குள் கிடைத்துவிட்டது. அந்தத் தளத்தில் 'மோர்மிளகாய்' என்று தேடினால் நான் முதலில் வருவேன். எனக்கு அடுத்து வருபவர் சலீம் பாய். வளைகுடாவில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு வந்து, தெப்பக்குளத்துப் பக்கம் மளிகைக்கடை வைத்திருப்பவர். கடையில் விற்கும் வற்றல், மோர்மிளகாயை இணையத்திலும் போடுவார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பார். இத்தனை நாள் அது நல்ல சிரிப்பு என்று நினைத்திருந்தேன்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தேன். பன்னிரண்டே முக்கால். பாய் கடை ஷட்டர் கீழே இறங்கியிருந்தது. பட்டப்பகலில், வியாபார நேரத்தில், தீபாவளி சமயத்தில் கடையைச் சாத்திவிட்டு ஒரு மனிதன் மாயமாகிறான் என்றால் என்ன அர்த்தம்? தப்பு செய்தவன் தலைமறைவாகிவிட்டான். பக்கத்துப் பாத்திரக்கடைக்காரர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். நான் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு காரியம் செய்தேன். வாழ்க்கையில் இவ்வளவு வேகமாக நான் வேறெதுவும் செய்ததில்லை. முதலாவது, ஏழு ரிவ்யூவுக்கும் கீழே விற்பனையாளர் பதில் என்ற இடத்தில் இப்படி எழுதினேன்: 'நீ யார் என்று எனக்குத் தெரியும். உன் இடமும் தெரியும். இன்று மாலைக்குள் நேரில் வருகிறேன்.' இரண்டாவது, நிறுவனத்துக்குப் புகார். 'ஐயா, ஒரே நாளில் ஒரே மணிநேரத்தில் கும்பலாக வரும் ரிவ்யூக்கள் அனைத்தும் போலி. என் பக்கத்தில் அப்படி வந்திருக்கும் அத்தனையையும் ஒன்று விடாமல் நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். உடனடி நடவடிக்கை தேவை.' படித்துப் பார்த்தேன். ஒரு வக்கீல் எழுதியது போலிருந்தது. அனுப்பினேன்.

இரண்டரைக்கு மறுபடி போனேன். கடை திறந்திருந்தது. பாய் வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பியோடு, அத்தர் மணக்க உட்கார்ந்திருந்தார்.

"வாங்க ரவியண்ணே. வெயில்ல வந்து திரும்பிப் போனீங்களாமே, பாத்திரக்கடையில சொன்னாங்க. உக்காருங்க."

"உக்கார வரல பாய். மத்தியானம் கடையைப் பூட்டிட்டு எங்க போயிருந்தீங்க?"

அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் எங்கண்ணே போவேன்?"

ஐம்பது வருஷமாக மன்னார்குடியில் இருக்கிறேன். வாரம் தவறாமல் வெள்ளிக்கிழமை வருகிறது. பாய் வாரம் தவறாமல் பள்ளிவாசலுக்குத் தொழப் போகிறார். எனக்கு அது அந்த நிமிஷத்தில்தான் நினைவுக்கு வந்தது. உட்கார்ந்தேன். போனை நீட்டினேன். குரலில் மிச்சமிருந்த கோபத்தை வைத்துக்கொண்டு, "அப்ப இது யார் வேலை?" என்றேன்.

பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"முதல் ஆளு பத்து நாப்பது. கடைசி ஆளு பதினொண்ணு முப்பது. ஏண்ணே, வெள்ளிக்கிழமை பத்தரையிலேர்ந்து பன்னண்டுன்னா உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?"

"என்ன தோணணும்?"

"ராகுகாலம்ணே. எனக்கே தெரியுது, உங்களுக்குத் தெரியலையா? வெள்ளிக்கிழமை பத்தரை ஆச்சுன்னா இந்தக் கூடையில ஒரு எலுமிச்சம்பழம் மிஞ்சாது. எல்லாம் துர்க்கைக்கு எலுமிச்சை விளக்குப் போடப் போற பொம்பளைங்க. இன்னிக்குக்கூட உங்க அக்காதான் மொத ஆளா வந்து வாங்கிட்டுப் போனாங்க."

"எத்தனை பழம்?"

"ஏழு. ஆளுக்கு ஒண்ணு, ரெண்டா நறுக்கி ரெண்டு விளக்குன்னு கணக்குச் சொன்னாங்க."

எனக்குக் கொஞ்சம் தண்ணீர் தேவைப்பட்டது. பாய் சோடா உடைத்துக் கொடுத்தார். நான் குடித்துக்கொண்டிருக்கும்போதே அவர் விரலால் திரையைத் தள்ளிக் கீழே போய்க்கொண்டிருந்தார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. இந்த இருபத்திரண்டு அஞ்சு ஸ்டாரும்கூட ஒரே நாள்ல, ஒரு மணிநேரத்துல வந்துருக்கே?"

"அது சொந்தக்காரங்க. திருக்கடையூர்ல."

"சரி. கம்பெனிக்கு என்ன எழுதினீங்க?"

சொன்னேன். கும்பலாக, ஒரே மணிநேரத்தில், அத்தனையையும், ஒன்று விடாமல். சொல்லச் சொல்ல என் குரல் தேய்ந்துகொண்டே போனது. பாய் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இன்னொரு சோடா உடைத்தார். இந்தத் தடவை அவருக்கு.

அக்கா வீட்டுக் கூடத்தில் ஏழு பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். இழவு வீடு மாதிரி இருந்தது. அக்கா என்னைப் பார்த்ததும் ஓடிவந்தாள்.

"ரவி, நல்லவேளை வந்தடா. எவனோ கொலைகாரன் 'விற்பனையாளர்'னு பேர் போட்டுக்கிட்டு எங்க ஏழு பேருக்கும் எழுதியிருக்கான். 'உன் இடம் தெரியும், மாலைக்குள் வர்றேன்'ங்கிறான். பங்கஜம் வீட்டுக்காரர் போலீசுக்குப் போகச் சட்டை போட்டுக்கிட்டு இருக்காரு."

"அக்கா, அது நான்தான்."

"நீயா? என் வீடு உனக்குத் தெரியுங்கிறதை எனக்கு எதுக்குடா எழுதிச் சொல்ற?"

"ஒத்தை ஸ்டார் போட்டது நீங்கன்னு எனக்குத் தெரியாது. போன்ல எல்லாம் உங்க பசங்க பேர்ல இருக்கு. எதுக்குக்கா இப்படிப் பண்ணின? என் குடியைக் கெடுத்துட்டியே."

அக்காவுக்கு ஆச்சரியம். நான் ஏதோ நன்றி சொல்ல வந்தவன் என்று நினைத்திருக்கிறாள்.

"கெடுத்தேனா? இருபத்தி மூணு பேர் அருமை, அமிர்தம்னு எழுதியிருக்கான். ஊர் உலகமே பாக்குது. எவன் கண்ணாவது பட்டா என்னடா ஆவுறது? கைக்குழந்தைக்குக் கன்னத்துல மை வைக்கிறதில்ல? கட்டுற வீட்டுல பூசணிக்காய் பொம்மை கட்டுறதில்ல? அதான், விளக்கைப் போட்டுட்டு பிராகாரத்துல உக்காந்து ஆளுக்கு ஒரு திருஷ்டிப் பொட்டு வச்சோம்."

"ஒரு பொட்டு போதாதா? ஏழு வச்சா குழந்தை மூஞ்சியே தெரியலையேக்கா."

"நான் மூணு ஸ்டார் போதும்னுதான் சொன்னேன். பங்கஜந்தான் ஒண்ணு போட்டாத்தான் கண்ணு கழியும்னா."

பங்கஜம் மாமி தலையைக் குனிந்துகொண்டே, "கெட்டதா எழுத மனசு வரலை தம்பி. அதான் ஏதோ இருக்குன்னு எழுதினோம்" என்றார். மிளகாய் அவர்கள் வீட்டில் தினமும் தயிர்சாதத்துக்குப் பொரிகிறதாம். ரொம்ப நன்றாக இருக்கிறதாம். அதனால்தான் பயமாம்.

இந்த இடத்தில் புத்தியுள்ள மனிதன் பேசாமல் வீட்டுக்குப் போயிருப்பான். நான் ஏழு பேரின் போன்களையும் வாங்கினேன். ஒற்றையை ஐந்தாக மாற்றினேன். ஏழையும் பத்தே நிமிஷத்தில் முடித்தேன். 'ஏதோ இருக்கு' என்பதை அழித்துவிட்டு 'அருமை' என்று போட்டேன். போலீசுக்குக் கிளம்பியவர் சட்டையைக் கழற்றினார். எல்லோரும் காபி குடித்தோம். பிறகு புகாரை வாபஸ் வாங்கலாம் என்று பார்த்தால், அதற்கு அங்கே பொத்தானே இல்லை. தொடர்புகொள்ள எண்ணும் இல்லை. இருந்தது ஒரே பொத்தான்: 'நினைவூட்டு.' அதில் விளக்கமாக எழுதலாம் என்று நம்பி இரண்டு தடவை அழுத்தினேன். எழுத இடம் வரவில்லை. நினைவூட்டல் மட்டும் போய்ச் சேர்ந்தது.

திங்கட்கிழமை காலையில் பதில் வந்தது. வசந்திதான் சத்தமாகப் படித்தாள். 'தங்கள் கூற்று முற்றிலும் சரி என்று தெரியவந்துள்ளது. கூட்டமாகப் பதிவான இருபத்தொன்பது மதிப்புரைகளும் நீக்கப்பட்டன. விழிப்புடன் செயல்பட்டமைக்கு நன்றி.'

"இருபத்தொன்பது போனா?" என்றாள் வசந்தி.

"ஒண்ணு."

ஒன்றுதான். அந்த நான்கு நட்சத்திரம். முதல் தடவையாக அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தேன். 'மிளகாய் நல்ல மிளகாய். பதமாகக் காய்ந்திருக்கிறது. உப்பு கொஞ்சம் கூட்டலாம்.' சராசரி நான்கு. முதல் வரிசை போயிற்று. மேலே மாடி நிறைய மிளகாய் சலசலவென்று காய்ந்து கிடந்தது. வசந்தி படியேறிப் போய் மிளகாயைத் திருப்பிப் போட ஆரம்பித்தாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பாய் கடைக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். கேட்க விடவில்லை. "அந்த நாலு ஸ்டார் நான் போட்டதுண்ணே. போட்டிக்காரர் சரக்கு எப்படி இருக்குன்னு பாக்க ஒரு பாக்கெட் வாங்கினேன். நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். பிறகு, கூடையில் எலுமிச்சம்பழத்தை அடுக்கிக்கொண்டே, "உப்பைக் கூட்டிக் குடுக்கச் சொல்லுங்க தங்கச்சியை. மாடியில கெடக்குறதை என் கடைப் பேர்ல போட்டு வித்துத் தர்றேன். உங்க இடம் இப்ப எனக்குத்தானே வந்துருக்கு, முதல் வரிசை" என்றார்.

வசந்தி மறுபடி தயிரில் ஊறவைத்தாள், உப்பைக் கூட்டினாள். தீபாவளிக்கு மூன்று நாள் முன்னாலேயே மாடி காலி. அன்றிலிருந்து படம் எடுப்பது, எழுதுவது எல்லாம் பாய், மிளகாய் வசந்தி. நான் பாக்கெட் ஒட்டுகிறேன். இரண்டு பேரும் கலந்து பேசி எனக்குக் கொடுத்த உத்தியோகம் அது.

அக்காதான் சமாதானமாகவில்லை. இருந்த பொட்டையும் கம்பெனிக்காரன் அழித்துவிட்டானே என்று அவளுக்குப் பயம். வாராவாரம் வந்து, நான் ஒட்டி வைக்கும் ஒவ்வொரு பாக்கெட்டின் மூலையிலும் கண்மையால் ஒரு பொட்டு வைத்துவிட்டுத்தான் அனுப்ப விடுகிறாள். போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் ரிவ்யூ எழுதினார். 'மிளகாய் பிரமாதம். ஆனால் கவரெல்லாம் ஏதோ கறுப்பாக ஈஷியிருக்கிறது, பிரித்ததும் வெள்ளைச் சட்டை பாழ்.' ஒற்றை நட்சத்திரம்.

பயந்துகொண்டேதான் அக்காவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். முகம் மலர்ந்து போனது.

"அப்பாடா. இப்பதான்டா எனக்கு நிம்மதி" என்றாள்.