பக்கத்துக்கு நாலு பல்

லாச்சப்பல் பகுதியை விட்டுச் சாகும்வரை நகரமாட்டேன் என்று கரிகாலன் சத்தியம் செய்தான். குளியலறைக்குள் போய், கதவைத் தாழ்ப்பாள் போட்டு, குழாயைத் திறந்துவிட்டுத்தான் செய்தான். மனைவியின் காதில் விழுந்துவிடக் கூடாதல்லவா.

பெயரளவில் சோழ மன்னன். வீட்டளவில் குப்பை கொண்டுபோய்க் கொட்டுகிறவன். கால் ஓரிடத்தில் நிற்காது. நாலாம் மாடியிலிருந்து இறங்கினால் தேத்தண்ணிக் கடை. அங்கிருந்து சலூன். சலூனிலிருந்து, மறந்துபோன ஒரு சங்கதியைச் சொல்ல, மறுபடி தேத்தண்ணிக் கடை. ரூ பெர்தொனே தெருவில் ஒரு செய்தி பிறந்தால் அதற்குப் பெயர் வைப்பவர்களில் அவனும் ஒருவன். அப்படிப்பட்டவனைக் கூசேன்விலில், தலைக்கு மேலே விமானமும் தரையிலே ஆளில்லாத தெருவுமாய்க் கிடக்கிற ஊரில், கொண்டுபோய் நட்டால் ஒரு வாரத்தில் பட்டுப்போவான் என்பது அவனுடைய கணிப்பு.

சிவாஜினிக்கு வேறு கணக்கு. மிளகாய் வறுத்தால் மேல் வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டாத ஒரு குசினி வேண்டும். உடுப்புக் காயப்போட நாலு முழம் வெளி வேண்டும். அவள் ரூ பெர்தொனே நகைக்கடையில் கல்லுப் பார்க்கிறவள். சின்னப் பூதக்கண்ணாடியை ஒரு கண்ணில் இடுக்கிக்கொண்டு, வைரம் என்று வருவதை வெறுங் கண்ணாடி என்று திருப்பி அனுப்புகிறவள். அந்தக் கண்ணோடு மாதக்கணக்காகத் தேடி ஒரு வீடு பிடித்திருந்தாள்.

"இஞ்சை பாருங்கோப்பா, ஞாயிற்றுக்கிழமை கூசேன்வில் போறம். வீடு பாக்க."

"எனக்கு அண்டைக்கு ஒரு அலுவல் கிடக்கு."

"என்ன அலுவல்?"

கரிகாலன் யோசித்தான். யோசித்து முடிப்பதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

நீலக் கேற்றுப் போட்ட வீடு. ஜெனவியேவ் என்ற பாண்டிச்சேரி அம்மாவுடையது. தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகளோடு இருக்கத் துலூஸுக்குப் போகிறாராம்.

"உள்ள வாங்க மிஸ்யே. கூரைக்கு அடியில பாருங்க, உத்தரம் எல்லாம் ஷேன் மரம். என் பேரப்பிள்ளைங்க காலத்துக்கும் தாங்கும்."

ஷேன் என்றால் பிரெஞ்சில் ஓக் மரம். கரிகாலன் முட்டியால் தட்டிப் பார்த்தான். முட்டிதான் வலித்தது. குழாய்களைத் திறந்து மூடினான். கதவுகளை ஆட்டினான். சுவிட்சுகளை அமுக்கினான். ஒரு மனிதன் வெறுப்பதற்கு அந்த வீட்டில் எதுவுமே இல்லை. சிவாஜினி குசினியின் நடுவில் நின்று, மனதுக்குள் அம்மியும் சட்டியும் அடுக்கிக்கொண்டிருந்தாள். கரிகாலன் மெல்ல நழுவித் தோட்டத்துப் பக்கம் போனான்.

தோட்டத்தின் மூலையில் ஒரு பெரிய நத்தார் மரம், கிறிஸ்துமஸுக்கு ஜோடிக்கிற ஊசியிலை மரம், பாதி சிவந்து காய்ந்து நின்றது. எரிச்சலில் அதன் பட்டையைப் பிடித்து இழுத்தான். அப்பளம்போல் உரிந்து கையோடு வந்தது. உள்ளே யாரோ கிறுக்கிவிட்டுப் போன மாதிரிக் கோடுகள். கோடுகளுக்குள் சின்னச் சின்னக் கறுத்த வண்டுகள்.

கரிகாலனுக்குள் ஒரு மணி அடித்தது. பெப்பர்மிண்ட் டப்பாவில் கடைசியாகக் கிடந்ததை வாயில் போட்டுக்கொண்டு, டப்பாவுக்குள் வண்டுகளையும் கொஞ்சம் மரத்தூளையும் தள்ளி மூடினான்.

திரும்பி வரும் ரயிலில், ஜன்னல் ஓரமாகச் சரிந்து உட்கார்ந்து, போனில் வீட்டு உத்தரத்தைத் தின்னும் பூச்சியைத் தேடினான். கப்பிரிகோர்ன் என்று ஒன்று வந்தது. பெயரே நன்றாகப் பயமுறுத்தியது. படத்தில் இருந்ததற்கு நீண்ட மீசை. டப்பாவில் இருந்ததற்கு மீசையே தெரியவில்லை. இழுபறியில் விழுந்திருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு மறுபடி போனார்கள். ஜெனவியேவ் கீழே காப்பி போட்டுக்கொண்டிருக்க, கரிகாலன் கூரைக்கு அடியில் ஏறி, உத்தரத்தின் மேல் டப்பாவைக் கவிழ்த்தான். பிறகு குரலை ஒரு அவலத்துக்குக் கொண்டுவந்தான்.

"சிவா, கெதியா ஓடிவாரும்."

"என்ன?"

"கப்பிரிகோர்ன்."

"அதென்னது?"

"வீடு தின்னுற வண்டு. உத்தரத்தை உள்ளுக்காலை சப்பிப்போடும். ஒருநாள் நித்திரையிலை கூரை எங்கடை நெஞ்சிலை வந்து படுக்கும்."

"இந்தச் சீரகம் அளவிலை கிடக்கிறதோ?"

"இது குட்டி. தாய் உள்ளுக்கை இருக்கும்."

சிவாஜினி கைப்பையைத் திறந்தாள். பூதக்கண்ணாடி வெளியே வந்தது. கரிகாலன் இதை எதிர்பார்க்கவில்லை. ஒரு வண்டைக் கடதாசித் துண்டில் ஏந்தி, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், சேலைக்குக் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி மெல்லப் புரட்டினாள்.

"மேலை இருந்து பாத்தால் தலை தெரியேல்லை. முக்காடு போட்ட மாதிரிக் கிடக்கு."

"வெக்கமாக்கும்."

"மீசை கட்டை. நுனியிலை ஒரு குண்டு."

"குண்டு மீசைக்காரர்தான் பொல்லாதவங்கள்."

"பின்பக்கம் கரண்டியாலை வழிச்செடுத்த மாதிரி. விளிம்பிலை பல்லு. ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு. மற்றப் பக்கமும் நாலு. எட்டுக்கல்லுத் தோடு மாதிரி வடிவாப் பதிச்சிருக்கு."

"பாத்தீரே, ஆயுதத்தோடை வந்திருக்கு."

"மூண்டாவது பல்லுத்தான் பெரிசு. அதின்ரை நுனியிலை மொட்டு."

ஒரு சீரகத்துக்குள் இவ்வளவு நகை வேலை இருக்கும் என்று யார் கண்டது. சிவாஜினி தலையை நிமிர்த்தி, கண்ணாடியை எடுக்காமலே, அவன் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள். அவனுக்குத் தன் பல்லை எண்ணுகிறாளோ என்று இருந்தது.

"அப்ப இந்த வீடு சரிவராது எண்டுறியள்."

"நான் சொல்லேல்லை. வண்டு சொல்லுது."

"ம். நல்லகாலம் கண்டியள். ஆனால் ஒண்டு. இதை ஆரிட்டையும் சொல்லிப்போடாதேங்கோ. முக்கியமா அந்தத் தேத்தண்ணிக் கடையிலை மூச்சு விடாதேங்கோ."

"நானோ? என்ரை வாயிலை இருந்து ஒரு சொல்லு வராது."

அந்தச் சொல் திங்கட்கிழமை காலை, முதல் மிடறு தேத்தண்ணி உள்ளே போன கையோடு வெளியே வந்தது. பக்கத்தில் றொஜர் நின்று ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தான். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவன். இரவு வேலை முடிந்து வந்திருந்தான்.

"என்னண்ணை, முகம் பூரிச்சுக் கிடக்கு?"

"சொல்லக் கூடாது."

"சரி, விடுங்கோ."

றொஜர் விட்டுவிட்டான். கரிகாலனால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

"நீ இவ்வளவு கரைச்சல் குடுக்கிறபடியால் சொல்லுறன்," என்று தொடங்கினான்.

தொடங்கும்போது வண்டு சீரகம் அளவில் இருந்தது. பாதியில் புளியங்கொட்டை ஆனது. சலூன்காரர் எட்டிப் பார்த்தபோது கரப்பானாகி, உத்தரத்தைக் கறுமுறு என்று கடிக்கும் சத்தமும் கேட்கத் தொடங்கியது.

"எந்த வீடண்ணை?"

"கூசேன்விலிலை. நீலக் கேற்று. பாண்டிச்சேரி மதாம் ஒராளின்ரை."

ரோல்ஸ் றொஜரின் வாய்க்கு அருகில் நின்றது.

"உத்தரத்திலையோ?"

"உத்தரத்திலைதான். என்ரை கண்ணாலை கண்டனான்."

றொஜர் மிச்ச ரோல்ஸைத் தட்டில் வைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். செய்தியைப் பரப்பத்தான் ஓடுகிறான் என்று கரிகாலன் நினைத்தான். கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. அது அவனுடைய வேலையல்லவா.

வென்றாயிற்று. ஆனால் வென்றவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சண்டை பிடிக்காமல் கிடைத்த வெற்றியை எங்கே வைப்பது என்று ஒரு கணவனுக்குத் தெரிவதில்லை. ஆசைப்பட்ட வீடு கைவிட்டுப்போன மனைவி முணுமுணுக்க வேண்டும். இவளும் முணுமுணுத்தாள். முணுமுணுத்தது பாட்டு. கரிகாலன் மாடிப்படி இறங்கினான், ஏறினான். சும்மா கேட்டும் பார்த்தான்.

"உமக்குக் கவலை இல்லையோ?"

"எதுக்கு? வண்டு சொன்னால் கேக்கத்தானே வேணும்."

சனிக்கிழமை காலை அவள் அவனுடைய நல்ல சேட்டை எடுத்துக் கட்டிலில் விரித்தாள்.

"கெதியா வெளிக்கிடுங்கோ. நொத்தேரிட்டைப் போகவேணும். வீட்டுக் கையெழுத்து."

"எந்த வீடு?"

"நீலக் கேற்று."

"உமக்கென்ன விசரே? அந்த வண்டு?"

ரயிலில் அவள் கைப்பையைத் திறந்து, கடதாசியில் மடித்த வண்டையும் பூதக்கண்ணாடியையும் அவன் கையில் வைத்தாள்.

"வடிவா எண்ணுங்கோ. பக்கத்துக்கு எத்தினை பல்லு?"

எண்ணினான். வண்டி ஆடிய ஆட்டத்தில் மறுபடி எண்ணினான். "நாலு."

"கப்பிரிகோர்னுக்கு நீட்டு மீசை. கழுத்துக்குக் கீழை மினுங்குற ரெண்டு பொட்டு. இது அதில்லை. இது ஸ்கொலித். மரப்பட்டை வண்டு. பக்கத்துக்கு ஆறு பல்லு எண்டால் பைன் மரத்துக்காரன். மூண்டு எண்டால் இவன்ரை சின்னத் தம்பி. நாலு எண்டால் நத்தார் மரத்திலை குடியிருக்கிறவன். அதுவும் பட்டைக்குக் கீழைதான். காய்ஞ்ச ஷேன் உத்தரத்திலை விட்டால் பட்டினியிலை செத்துப்போவான்."

"இதெல்லாம் ஆர் சொன்னது?"

"அண்டைக்கு ரயிலிலை நீங்கள் போனிலை பாத்தியளெல்லே, அதுக்கு அடுத்த பக்கத்தை நான் பேந்து என்ரை போனிலை வாசிச்சன். ஜன்னல் கண்ணாடியிலை எல்லாம் தெரிஞ்சது."

கரிகாலன் கடைசியாக ஒரு முயற்சி செய்தான். "அப்ப அது எப்பிடி மேலை போச்சு?"

"அதைத்தான் நானும் யோசிச்சன். பேந்து உங்கடை கோட்டைத் தோய்க்கப் போட்டால் பொக்கற்றுக்குள்ளை பெப்பர்மிண்ட் டப்பா. உள்ளுக்கை ரெண்டு பேர் உயிரோடை."

கையெழுத்து வைத்தார்கள். ஜெனவியேவ் சிரித்த முகத்தோடு கரிகாலன் பக்கம் திரும்பினார்.

"மிஸ்யே, அந்த மரத்தை மட்டும் சீக்கிரம் வெட்டிடுங்க. பூச்சி பக்கத்து வீட்டு மரத்துக்கும் பறந்துடுமாம், உங்க மனைவி சொன்னாங்க."

"அவர் வெட்டுவார் மதாம்," என்றாள் சிவாஜினி. "அவருக்கு அதுகளோடை நல்ல பழக்கம்."

வெளியே வந்ததும் கரிகாலன் தெருவில் நின்றான். ஒரு விமானம் தலைக்கு மேலே இரைந்துகொண்டு போகும்வரை பேச முடியவில்லை.

"எல்லாம் தெரிஞ்சும் ஏன் அண்டைக்கே சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் நீங்கள் தேத்தண்ணிக் கடையிலை வாய் திறந்திருக்க மாட்டியள்."

"திறந்தால் என்ன, திறக்காட்டி என்ன?"

சிவாஜினி அவன் சேட்டின் கொலரை நேராக்கிவிட்டாள்.

"மதாம் எங்களுக்கு முதலே வேறை ஒராளுக்கு வாக்குக் குடுத்திருந்தவ. எனக்குச் சொன்னவ, அவர் விட்டால்தான் உங்களுக்கு எண்டு. திங்கட்கிழமை காலமை அந்த ஆள் போன் பண்ணி, வீடு வேண்டாமெண்டு சொன்னவராம், காரணம் ஒண்டும் சொல்லேல்லையாம்."

"ஆர் அந்த ஆள்?"

"உங்கடை றொஜர்."

கரிகாலன் போனை எடுத்து றொஜரின் நம்பரைத் தேடினான்.

"அண்டைக்கு நீங்கள் பேசாமல் தேத்தண்ணியைக் குடிச்சிருந்தால்," என்றாள் அவள், "நாங்கள் சாகுமட்டும் லாச்சப்பலிலைதான் இருந்திருப்பம்."