நாற்பத்தோராம் கேள்வி

அங்கீகாரப் படிவம் கடைசியான நாற்பத்தோராம் கேள்வியில் நின்றுகொண்டு நகர மறுத்தது.

'தங்கள் நிறுவனத்தில் ஆய்வகம் உள்ளதா?'

எழுத்தர் 'இல்லை'யை அழுத்தினார். கணினித் திரை சிவந்தது. மறுபடி அழுத்தினார். இன்னும் சிவந்தது. மூன்றாவது தடவை எரிச்சலோடு அழுத்தியபோது விரல் வழுக்கி 'ஆம்' மேல் போய் விழுந்தது. திரை உடனே பச்சையாகி, 'நன்றி. மதிப்பீட்டுக் குழு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு வரும்' என்றது.

அது ஓர் இஸ்லாமியக் கல்வி நிலையம். குர்ஆன் விளக்கம், நபிமொழி, மார்க்கச் சட்டம், அரபி இலக்கணம் ஆகியவை அங்கே பாடங்கள். எதையாவது கொதிக்க வைப்பதென்றால் அது சமையலறையோடு சரி. அங்கீகாரம் கிடைத்தால்தான் அங்கே படிக்கும் நாற்பத்திரண்டு பேரின் பட்டத்தை வெளியில் பட்டமாக மதிப்பார்கள். அதில் ஏழு பேருக்கு ஆசிரியர் வேலை தயாராகக் காத்திருந்தது.

எழுத்தர் முதல்வரின் அறைக்கு ஓடினார். முதல்வரை அங்கே எல்லோரும் 'ஹஜ்ரத்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இல்லாததை இருக்குன்னு எழுதிட்டீங்களா?"

"எழுதல ஹஜ்ரத். வழுக்கிருச்சு."

"போன் பண்ணி உண்மையைச் சொல்லிடுங்க."

போன் செய்தார். பதிவுசெய்த குரல் ஒன்று, திருத்தம் வேண்டுவோர் விண்ணப்பத்தை ரத்து செய்துவிட்டு மூன்று ஆண்டுகள் கழித்துப் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று இனிமையாகச் சொல்லி வைத்துவிட்டது.

முதல்வர் கண்ணை மூடி யோசித்தார்.

"நாம பொய் சொல்லக் கூடாது."

"கூடாதுதான்."

"அப்ப வியாழக்கிழமைக்குள்ள நம்மகிட்ட ஒரு ஆய்வகம் இருந்தாகணும்."

காலி அறை ஒன்றுகூட இல்லை. சமையலறையை ஒட்டிய சாமான் அறைதான் ஒரே வழி. சமையல்காரர் வாசலை மறித்து நின்றார்.

"அரிசி மூட்டையை எங்க வைக்கச் சொல்றீங்க தம்பி? என் தலையிலயா?"

"என் ஆபீஸ்ல வைங்கண்ணே."

அன்றிலிருந்து எழுத்தர் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துதான் கடிதம் அடித்தார்.

அறை கிடைத்தது. உள்ளே வைக்கத்தான் ஒன்றுமில்லை. தொழுகைக்குக் கிப்லா திசை பார்க்கும் கருவி ஒன்று, பிறை பார்க்கும் தொலைநோக்கி ஒன்று, இரண்டையும் அலமாரியில் வைத்தார்கள். பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது அலமாரி. எழுத்தர் தன் மனைவியின் தம்பிக்குப் போன் போட்டார். அவன் ஒரு நர்ஸிங் பள்ளியில் பொருட்காப்பாளர்.

"நாலு கண்ணாடிக் குடுவை இரவல் கிடைக்குமா?"

"குடுவை இல்ல மச்சான். கவலைப்படாதீங்க, வேற ஒண்ணு அனுப்புறேன்."

மாலையில் ஆட்டோவின் பின்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தபடி ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு வந்து இறங்கியது.

முதல்வர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இதை வெச்சு நாம எதை ஆராயறது? சும்மா நிறுத்தி வெச்சா அதுவும் பொய்தான்."

வாரிசுரிமைச் சட்டம் நடத்தும் ஆசிரியைதான் முன்னால் வந்தார்.

"எங்கிட்ட விடுங்க ஹஜ்ரத். இவர்தான் காலமானவர். ஒரு மனைவி, ரெண்டு மகள், ஒரு தம்பி இருக்காங்க. யாருக்கு எவ்வளவு பங்கு? பிள்ளைங்க கண்ணால பார்த்துப் படிக்கட்டும்."

அந்த வாரம் வாரிசுரிமை வகுப்புக்கு ஒருவரும் மட்டம் போடவில்லை. ஒரு மாணவர் எழுந்து, காலமானவர் இப்படி இளைத்துப்போகும்வரை அந்தத் தம்பி என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டார்.

பொருள் வந்ததும் பொறுப்பாளர் வேண்டும் என்றாயிற்று. வெள்ளைக் கோட்டு வைத்திருந்த ஒரே ஆள் சமையல்காரர்.

"நான் என்னத்தைத் தம்பி ஆராய்ச்சி பண்றேன்?"

"தினமும் உப்பு சரியா இருக்கான்னு பார்க்கறீங்கள்ல, அதுதான்."

"யார் எதைக் கேட்டாலும் உண்மையை மட்டும் சொல்லுங்க," என்றார் முதல்வர்.

வியாழக்கிழமை பத்து மணிக்கே வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. கண்ணாடிக்காரர் ஒருவர், நோட்டுப் புத்தகத்தோடு ஓர் அம்மா, கையில் அளவு நாடாவோடு இன்னொருவர் என்று மூன்று பேர் இறங்கினார்கள். எழுத்தர் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டார். திடீர்ச் சோதனை என்றால் இதுதான் போலிருக்கிறது.

"ஆய்வகத்தைப் பார்க்கணும்," என்றார் கண்ணாடிக்காரர்.

வேறு எதையும் அவர்கள் கேட்கவில்லை. நாடாக்காரர் கதவை அளந்தார், அலமாரியை அளந்தார், எலும்புக்கூட்டின் தோளையும் விடவில்லை. அந்த அம்மா எல்லாவற்றையும் படமாக வரைந்துகொண்டார். கண்ணாடிக்காரர் சமையல்காரர் பக்கம் திரும்பினார்.

"எத்தனை வருஷமா இந்தப் பணியில இருக்கீங்க?"

"பதினாறு வருஷம்."

"எத்தனை பேருக்குப் பயன்படுது?"

"நாப்பத்திரண்டு பேருக்கு. தினமும் மூணு வேளை."

அந்த அம்மா வியப்போடு எழுதிக்கொண்டார்.

"எப்பவாவது தோல்வி?"

"போன மாசம் ஒரே ஒரு தடவை அடிப்பிடிச்சிருச்சு."

அதையும் எழுதினார்.

எழுத்தருக்கு அதற்குமேல் தாங்கவில்லை. தன்னால் ஏழு பேர் வேலை போனாலும் போகட்டும், மனசாட்சியோடு மல்லுக்கட்ட முடியாது.

"ஐயா, ஒரு உண்மையைச் சொல்லிடறேன். போன திங்கட்கிழமை வரைக்கும் இது அரிசி வெச்சிருந்த ரூம். இவர் சமையல்காரர். இந்த எலும்புக்கூடு என் மச்சான் குடுத்தது. தப்பெல்லாம் என்னோடது, ஹஜ்ரத்தைக் குத்தம் சொல்லாதீங்க."

முதல்வர் தலையைக் குனிந்துகொண்டார். கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"எல்லாம் மூணே நாள்லயா?"

"ஆமாங்க."

"உங்க மச்சான் போன் நம்பர் குடுக்க முடியுமா?"

விசாரணைக்குத்தான் என்று எழுத்தருக்குப் புரிந்தது. எழுதிக் கொடுத்தார். மச்சான் வேலைக்கும் உலை வைத்தாயிற்று. மூவரும் நன்றி சொல்லிவிட்டு, நபிமொழி வகுப்பை எட்டிக்கூடப் பார்க்காமல் மடமடவென்று வேனில் போய் ஏறிக்கொண்டார்கள்.

எழுத்தருக்கு மனசு கேட்கவில்லை. பின்னாலேயே ஓடி டிரைவரின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, நீங்க எத்தனையோ இடத்துக்கு இந்தக் குழுவைக் கூட்டிட்டுப் போயிருப்பீங்க. மறைக்காம சொல்லுங்க, எங்களுக்கு அங்கீகாரம் கிடைக்குமா?"

டிரைவர் வண்டியைக் கிளப்பியபடி சொன்னார்:

"குழுவா? இவங்க பக்கத்து ஊர்ல எங்க மதரசா வாத்தியாருங்க தம்பி. எங்களுக்குச் சனிக்கிழமைதான் குழு வருது, அதுக்குள்ள இந்த ஆய்வகம்னா எப்படித்தான் இருக்கும்னு ஒரு தடவை பார்த்துட்டுப் போலாம்னு வந்தோம்."