நிதானம் அண்ணனுக்குக் கோபம் தேவைப்பட்டது

திருப்பூரில் அவசரப்படாத ஒரே ஆள் நிதானம் அண்ணன்தான். சும்மா சொல்லவில்லை. ஷிப்மெண்ட் தேதி நெருங்கினால் தெருநாய்கூடக் குறுக்குச் சந்தில் ஓடுகிற ஊர் அது. அங்கே அவர் மொபெட் ஓட்டினால் மேடு, பள்ளம், காலி ரோடு, நெரிசல் எல்லாவற்றுக்கும் ஒரே வேகம். பின்னால் வருகிற லாரிக்காரர் ஹாரன் அடித்து ஓய்ந்து, கடைசியில் அவர் வேகத்துக்கே பழகிவிடுவார். மிக்ஸர் தின்றால்கூட ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் உள்ள இடைவெளி இம்மியும் மாறாது. எதற்கெடுத்தாலும் "நிதானமுங்க" என்பார். அதுவே பெயராகிவிட்டது.

நான் நேர்மாறு. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அம்மா பனியன் கம்பெனியில், தைத்த துணியில் பழுது தேடும் செக்கிங் மேசையில் நின்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். இந்த வாயை வைத்துக்கொண்டு எந்த வீட்டில் போய்க் குப்பை கொட்டப்போகிறாயோ என்று அம்மா தினமும் அர்ச்சனை செய்வார்.

ஒரு மாடி அறையில் நாங்கள் நாலைந்து பேர் சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தோம். கையில் இருந்தது ஒரே வேலை, ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு வெப் அப்ளிகேஷன். அவர்களுக்குத் தைத்துக் கொடுக்கும் யூனிட்டுகள் ஊருக்கு வெளியே மங்கலம் வரைக்கும் சிதறிக் கிடந்தன. எத்தனை பீஸ் முடிந்தது என்று ஒவ்வொரு யூனிட்டும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், கம்பெனி அதை உட்கார்ந்த இடத்தில் பார்க்க வேண்டும். அது ஓடாவிட்டால் ஷட்டரை இறக்கிவிட வேண்டியதுதான் என்று ஓனர் சொல்லிவிட்டார். ஷட்டர் இறங்கினால் மற்றவர்கள் பெங்களூர் போவார்கள். என்னை அப்பா அனுப்ப மாட்டார். அம்மாவுக்குப் பக்கத்தில் செக்கிங் மேசைதான் எனக்கு.

அப்ளிகேஷன் கூட்டத்தைத் தாங்குமா என்று சோதிப்பது நிதானம் அண்ணன் வேலை. பொறுக்காத ஓனர், தானே இன்டர்நெட்டில் ஒரு டூலை இறக்கி ஓட்டிவிட்டார். யூனிட்டுகள் கேட்கிற மாதிரியே அது சர்வரைக் கேள்வி மேல் கேள்வி கேட்கும். திரை முழுக்கப் பச்சை, அதாவது எல்லாம் பாஸ். ஸ்வீட் வாங்க ஆள் போனது. அண்ணன் மட்டும் தலையாட்டவில்லை. இந்த டூல் ஒரு கேள்விக்குப் பதில் வந்த பிறகுதான் அடுத்ததைக் கேட்கிறது, சர்வர் திணறினால் இதுவும் கூடவே நின்று இளைப்பாறுகிறது என்றார். அதனால் என்ன என்றார் ஓனர்.

"டீ மாஸ்டர் மெதுவா ஆத்துனா, குடிக்க வர்றவன் ஊட்லயேவாங்க நிப்பான்? அவன்பாட்டுக்கு வந்துட்டேதானுங்க இருப்பான். இது டெஸ்டு இல்லீங்க, மாமியார் ஊட்டு விருந்து. எலை காலியான பொறவுதான் அடுத்த இட்லி வருது."

ஓனர் கத்தினார், பிறகு கெஞ்சினார். இரண்டுக்கும் அண்ணன் ஒரே குரலில் "இல்லீங்க" என்றார். ஸ்வீட்டையும் தொடவில்லை.

சர்வர் பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் கேள்வி சீராகப் போய்க்கொண்டே இருக்கும்படி டூலை மாற்றினார். வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார். ஏற்றும்போதெல்லாம் மேசையில் விரலால் தாளம் போடுவார். டொக், டொக், டொக். கீழே பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவர் படியேறி வந்து, எங்காவது குழாய் ஒழுகுகிறதா என்று விசாரித்துவிட்டுப் போனார். போகப்போக நாங்கள் எல்லாருமே அந்தத் தாளத்துக்கு டைப் அடிக்க ஆரம்பித்தோம். ஸ்கேலை எடுத்து அவர் விரலிலேயே ஒன்று போடலாமா என்று எனக்கு வரும். ஆனால் சர்வர் எந்த வேகத்தில், எந்த இடத்தில் படுக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தார். நாங்கள் சரிசெய்தோம். கடைசியில் இப்போது கொடுக்கலாம் என்றார்.

கம்பெனியில் வெள்ளோட்டம் விட்ட அன்று காலை எல்லாம் ஜோராக நடந்தது. அது மின்வெட்டு ஊரையே ஆட்டிவைத்த காலம். கரண்ட் போனால் ஒரு ஏரியா முழுக்க ஒன்றாகப் போகும், வந்தால் ஒன்றாக வரும். சர்வருக்கு ஜெனரேட்டர் இருந்தது. யூனிட்டுகளில் கம்ப்யூட்டருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மத்தியானம் போன கரண்ட் திரும்பியதும் அத்தனை யூனிட்டும் ஒரே மூச்சில் உள்ளே நுழைந்தன. திரையில் பக்கம் வரவில்லையா, மறுபடி பட்டனை அமுக்கு. இன்னும் வரவில்லையா, ஓங்கி அமுக்கு. சர்வர் மல்லாந்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமை இன்னொரு தடவை பார்க்கிறோம், அன்றும் படுத்தால் வேறு ஆளை வைத்துக்கொள்கிறோம் என்று கம்பெனி மேனேஜர் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் அம்மா, தன் சூப்பர்வைசரிடம் எனக்காகப் பேசி வைத்துவிட்டதாகச் சொன்னார். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன்.

மறுநாள் அண்ணன் என் மேசைக்கு வந்து நின்றார்.

"ஏனுங்க அம்மிணி, தப்பு எம்மேலதானுங்க. ஊரும் என்னையாட்டம் சீரா வரும்னு நெனச்சுட்டேன். அவசரப்படலாம்னு பாத்தேன், எனக்கு வரமாட்டேங்குதுங்க. கோவம் வந்தா நீங்க எப்படி அமுக்குவீங்களோ, அப்படி ஒருக்கா அமுக்கிக் காட்டுங்க. அதைய அப்படியே டூலுக்குச் சொல்லிக் குடுத்தர்றேன்."

"சும்மா இருக்கும்போது கோவம் எப்படிண்ணே வரும்?" என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். பக்கம் திறக்காதபடி சர்வரில் என்னவோ செய்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, மேசையில் டொக், டொக் என்று ஆரம்பித்தார்.

வந்ததே கோபம். முதலில் ஒரு அமுக்கு, ஒரு முறைப்பு. பிறகு இரண்டு, மூன்று. அப்புறம் கணக்கே இல்லை. கீபோர்டிலிருந்து ஒரு பித்தான் கழன்று ஓனர் நாற்காலிக்கடியில் போய் விழுந்தது. கோவிலில் நிற்பவர் மாதிரி அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கோபத்தை அப்படியே யூனிட்டுக்கு ஒன்றாக டூலில் ஏற்றினார். அடித்த நொடியில் சர்வர் படுத்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

பிறகு சர்வர் வாசலில் ஒரு தடுப்பு வைத்தோம். தாங்குகிற வேகத்தில் மட்டும் உள்ளே விடும், மற்றவர்களை நிறுத்திவைக்கும். நின்றவர்களுக்கு இங்கிலீஷில் 'சர்வர் பிஸி' என்று வரும். அதைப் பார்த்ததும் எனக்கே கை பரபரத்தது. கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிற மாதிரி இருக்கிறது, நீங்கள் பேசுகிற மாதிரி போடுங்கள் என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்: "வாங்க. கூட்டமா இருக்குதுங்க. கொஞ்சம் இருங்க, நாங்களே கூப்பிடறோமுங்க." முறை வந்ததும் பக்கம் தானாகவே திறந்துகொள்ளும்.

திங்கட்கிழமை ஊரே கரண்ட் போகக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்க, நாங்கள் மட்டும் போக வேண்டும் என்று வேண்டினோம். போனது. கரண்ட் திரும்பி வந்தபோது, கம்பெனியில் மேனேஜர் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜரின் போன் அடித்தது. மங்கலம் யூனிட்டில் பதிவு போடுகிற பெண்.

"கூப்பிடறோம்னு போட்டிருக்குதுங்க. இப்படியே ஒக்காந்திருக்கட்டுமுங்களா?"

மேனேஜர் பதில் சொல்வதற்குள் அந்தப் பெண்ணுக்குப் பக்கம் திறந்துவிட்டது. ஒன்றன்பின் ஒன்றாக எல்லா யூனிட்டும் உள்ளே வந்தன. ஒருவர்கூடத் திரும்ப அமுக்கவில்லை. நாளையிலிருந்து இதையே ஓட்டலாம் என்றார் மேனேஜர். செக்கிங் மேசை எனக்கு வேண்டியதில்லை. எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன்.

ஓனர், அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அண்ணன் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு என்னைக் காட்டினார்.

"இந்த அம்மிணி கோவப்படலைன்னா, இன்னைக்கு நாம எந்திரிச்சிருக்க மாட்டோமுங்க."

என் கோபத்தை அடக்கச் சொன்னவர்கள் ஊர்ப்பட்ட பேர் உண்டு. அது வேண்டும் என்று வந்து கேட்டவர் அவர் ஒருவர்தான். அதற்குப் பிறகும் அவர் தினம் பக்கத்து மேசையில் தாளம் போட்டுக்கொண்டுதான் இருந்தார். எவ்வளவு முயன்றும் அவர்மேல் மட்டும் எனக்குக் கோபம் வரவே இல்லை.