டிப்போவுக்குத் திரும்பாத பாட்டு

பல் தேய்த்த நுரை வாயோடு என் கணவர் ஒரு நாள் அறிவித்தார்: “ஒரே மாசம். நம்ம பொண்ணு சொந்தமா மெட்டுப் போடுவா, பாரு.”

அவளுக்கு ஆறு வயது. எனக்கும் அந்த வயதில்தான் கான்வென்ட் பியானோ அறை. மெழுகு தேய்த்த தரை, ஜன்னலோரம் சொட்டும் குடைகள், பியானோ மூடியில் என் முகம். அந்த வாசனைக்கு இன்றும் ஏங்குகிறேன். ஒரு நாள் பாடத்தை விட்டுவிட்டு நானாக ஒரு மெட்டு வாசித்தேன். மர ஸ்கேல் விரல் கணுவில் இறங்கியது. பியானோ சொல்லிக்கொடுத்த சிஸ்டர் கெட்டவர் இல்லை. அன்று அவருக்குத் தலைவலி. ஆனால் அதற்குப் பிறகு நான் வாய்விட்டுப் பாடியதே இல்லை.

“அவள மிரட்டாதீங்க.”

“நானா? நான் மிரட்டி இந்த வீட்டுல யாரு பயந்திருக்கா?”

அதுவும் சரிதான்.

அவர் பஸ் டிப்போவில் கால அட்டவணை போடுகிறவர். சின்னதாக ஒரு கீபோர்டு வாங்கி, ஐந்து கட்டைகளில் ஐந்து நிறப் பொட்டு ஒட்டினார். நீலம்தான் டிப்போ.

“பாட்டு நீலத்துல கிளம்பணும். எங்க வேணா சுத்தலாம். நீலத்துக்குத் திரும்பியாகணும். நடுவுல நின்னா பிரேக்டவுன்.”

மூன்றாம் வாரம் அவள் மெட்டுப் போட்டாள். நீலம், நீலம், மஞ்சள், மஞ்சள், கடைசியில் நீளமாக ஒரு சிவப்பு. அவ்வளவுதான். பாட்டு அந்தரத்தில் தொங்கியது.

“முடியல கண்ணு. டிப்போவுக்கு வா.”

“என்னோடது முடிஞ்சுதுப்பா.”

“முடியலம்மா!”

“என்னோடது இவ்வளவுதான்.”

காலை வண்டியே வராத டிப்போ மேனேஜர் மாதிரி ஆனது அவர் முகம். “ஞாயித்துக்கிழமைக்குள்ள நீலத்துக்கு வரலேன்னா கீபோர்டு பீரோ மேல ஏறிடும்.”

அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள். எனக்குக் கணு வலித்தது.

ஞாயிறும் வந்தது. அவர் பால்கனியில் பேப்பரில் முகம் புதைத்திருந்தார். சமையலறையில் ஒரு பாட்டில் மூடியை என்னால் திறக்க முடியவில்லை. கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் கூடத்தில் மகள் கட்டைகளைத் தட்டினாள். நீலம், நீலம், மஞ்சள், மஞ்சள், சிவப்பு...

“இதோ வந்துட்டேன்!”

பால்கனியிலிருந்து அவர் குரல் படிப்படியாக இறங்கி, கச்சிதமாக நீலத்தில் வந்து உட்கார்ந்தது. பின்னாலேயே அவரும் வந்து நின்றார்.

“எதுக்குக் கூப்பிட்ட?”

“நான் கூப்பிடவே இல்லீங்க.”

“‘கொஞ்சம் வாங்களேன்’னு காதுல விழுந்துச்சே!”

“அது என் பாட்டுப்பா,” என்றாள் மகள். “அம்மா கூப்பிடுற மாதிரி. நீங்க வந்தாத்தான் முடியும்.”

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் போய் நீலக் கட்டையை ஒரு தரம் தட்டிப் பார்த்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்தினார்.

“அப்போ கடைசி அடி என்னோட மெட்டுதானே?”

“ஆமாப்பா.”

கீபோர்டு பீரோ மேல் ஏறவில்லை. அன்று பாத்திரம் துலக்கும்போது என் வாய் தானாக எதையோ முணுமுணுத்தது. கான்வென்டில் நான் வாசித்த மெட்டாக இருக்கலாம், சரியாக நினைவில்லை.

நான்கு வருஷம் ஆயிற்று. பொட்டுகள் உதிர்ந்துவிட்டன. அந்தப் பாட்டில் பாதி தன்னுடையது என்று இவர் டிப்போ முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். நான் வீட்டு வேலைக்கு இவரைத் தொண்டை கிழியக் கூப்பிடுவதை விட்டுவிட்டேன். மகள் கட்டைகளை ஐந்து முறை தட்டுகிறாள். இசையமைப்பாளர் துடைப்பத்தோடு வந்து நிற்கிறார்.