செத்த பயில்வானுக்கு என்றும் இருபத்தெட்டு

உலகத்தில் மல்லர்கள் ஓர் இனம். மல்லர்களை நிறுப்பவர்கள் வேறோர் இனம். முதல் இனத்தார் எண்ணிக்கையில் குறைவு; பாலும் பாதாம் பருப்பும் நிறையக் கேட்பார்கள்; நாற்பது வயதில் முழங்கால் போய்விடும். இரண்டாம் இனத்தாருக்கு ஒரு செலவும் இல்லை. முழங்கால் கடைசிவரை உறுதியாக இருக்கும். தேய்வது தொண்டை மட்டும்தான், அதுவும் கேட்பவருடைய பொறுமைக்குப் பிறகுதான் தேயும். நீங்கள் இவர்களைக் கண்டிருப்பீர்கள். மதுரங்குளிச் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாத மனிதர் உங்கள் தோள்பட்டையை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்து, "இந்த இடத்தில பிடிச்சா யானையும் விழும்" என்று சொல்லியிருந்தால், அவர்தான். தப்பப் பார்க்காதீர்கள். பஸ் வராது.

இந்த இனத்தின் சுத்தமான மாதிரி ஒருவர் எங்கள் மாம்புரிக் கரையில் இருக்கிறார். பெயர் இன்னாசிப்பிள்ளை. வலைச் சொந்தக்காரர் சூசைப்பிள்ளைச் சம்மாட்டியாரின் கரைவலைக்கு அவர் மண்டாடி. மண்டாடி என்றால் வலைக்குக் கண் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோணி வலையை ஏற்றிக்கொண்டு கடலுக்குள் போய்க் காத்து நிற்கும். மண்டாடி கரையில் மணல்மேட்டில் நின்று, தண்ணீரின் நிறத்தைக் கொண்டு மீன் எங்கே மொய்க்கிறதென்று பார்த்து, கையிலுள்ள துவாய்த் துண்டால் சைகை காட்டுவார். துவாயை உயர்த்திப் பிடித்தால் 'பொறு'. தலைக்குமேல் சுழற்றினால் 'இறக்கு'. தோணிக்காரருக்குக் கரையின் பேச்சுக் கேட்காது. துவாய் மட்டும்தான் தெரியும். இறக்கிய வலையை நாற்பது பேர் கரையிலிருந்து வடகயிறு, தென்கயிறு என்று இரண்டு பக்கமும் பிடித்து இழுப்பார்கள். ஒரு முறைக்கு ஒரு வலைதான். தவறினால் தவறியதுதான், அடுத்த நாள் அடுத்த சம்மாட்டியின் முறை.

இந்தப் பொறுப்பான வேலையில் இன்னாசிப்பிள்ளையை மிஞ்ச ஆளில்லை. சாளை மீனுக்கும் சூடை மீனுக்கும் தண்ணீர் கறுக்கும் வேற்றுமையை அரை மைலுக்கு அப்பால் நின்று சொல்வார். ஆனால் அதைப் பற்றி அவருக்கு ஒரு பெருமையும் கிடையாது. அவருடைய பெருமையெல்லாம் கலந்தர் பயில்வான்.

கலந்தர் பயில்வானை அவர் கண்டிருக்கிறாரா? இல்லை. வேறு யாரையாவது கண்டிருக்கிறாரா? அதுவும் இல்லை. மெய்யான ஒரு மல்யுத்தத்தை இன்னாசிப்பிள்ளை தம் வாழ்நாளில் பார்த்ததே இல்லை. அவரிடம் இருப்பது சீனி சுற்றிவந்த பத்திரிகைத் துண்டு ஒன்று. அதில் கலந்தரின் படம் இருக்கிறது. முகத்தின்மேல் எண்ணெய் ஊறி மூக்கும் வாயும் போய்விட்டன. மீசையின் ஒரு நுனி மட்டும் மிச்சம். அந்த ஒரு நுனியிலிருந்து அவர் கழுத்தின் சுற்றளவையும், மூச்சின் நீளத்தையும், கலந்தர் காலையில் குடித்த பாலின் அளவையும் கணித்து வைத்திருக்கிறார். பாலும் அந்தக் காலத்துப் பால். இந்தக் காலத்து மாட்டைக் கறந்து குடித்தவனை அந்தக் காலத்து மாட்டைக் கறந்து குடித்தவனோடு ஒப்பிடலாமா? ஒப்பிடக்கூடாது என்று சொல்லிவிட்டு, அவர் காலைமுதல் மாலைவரை அதையே ஒப்பிடுவார்.

நிறுவைக்கு ஒரு முறை வேண்டுமல்லவா? அதுவும் வைத்திருக்கிறார். மண்ணில் பிடிக்கும் குஸ்தி ஒன்று. முதுகு மண்ணைத் தொட்டால் தோல்வி. மெத்தையில் பிடிக்கும் வெள்ளைக்காரக் குஸ்தி ஒன்று. இரண்டு தோளும் மெத்தையில் படிந்து, நடுவர் மூன்று எண்ணினால் தோல்வி. இப்போது புதிதாக வந்திருப்பதில் கடிப்பது ஒன்றைத் தவிர எல்லாம் செய்யலாமாம். கடிக்கவும் விட்டால் அதற்குப் பெயர் மீன் ஏலம். மண்ணில் ஒரு வெற்றி மெத்தையில் மூன்று வெற்றிக்குச் சமம் என்பது இன்னாசிப்பிள்ளையின் கணக்கு. காலில் சப்பாத்துப் போட்டுப் பிடித்தவனுக்கு அதிலும் கால்பங்கு கழிவு. இவ்வளவு கழித்த பிறகும் ஒருவன் நிமிர்ந்து நின்றால், கடைசி ஆயுதம் இருக்கிறது. உயிரோடிருக்கும் மல்லனை நிறுக்கும்போது அவனுக்குக் காய்ச்சல் வந்த நாளில் நிறுப்பார். செத்த மல்லனுக்கு என்றும் வயது இருபத்தெட்டு. செத்தவனை யார் வெல்வது?

வெல்லலாம் என்றார் முத்தலிபு நானா.

மதுரங்குளியில் கருவாட்டு வியாபாரம் செய்பவர் முத்தலிபு; எங்கள் கரைக்கு நானா, அதாவது அண்ணன். எங்கள் கரையில் மீன் எடுத்து, உலர்த்தி, வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் லொறியில் கொழும்புக்குக் கொண்டுபோவார். அங்கே மதிலில் ஒட்டியிருந்த நோட்டீஸ்களில் அவர் தம் மல்லனைக் கண்டெடுத்தார். ஹங்கேரி தேசத்து ஸ்தெபான். உயிரோடிருப்பவன், கழுத்து இருபத்தொரு அங்குலம். ஆக, முஸ்லிம் கலந்தருக்காகக் கத்தோலிக்க இன்னாசிப்பிள்ளையும், மாதா கோயிலுக்குப் போகும் ஹங்கேரிக்காரனுக்காக ஐந்து நேரம் தொழும் முத்தலிபுவும் எங்கள் கரையில் இரண்டு வருடம் வாதாடினார்கள். இந்த இனத்தாருக்கு ஊர், மதம், மொழி ஒன்றும் கிடையாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

"மௌத்தாகி முப்பது வருசமான மனுசன இன்னும் எத்தன நாளைக்குக் குஸ்திக்கு இழுப்பாய், இன்னாசி? அவரக் கொஞ்சம் படுக்க விடு."

"அவர் படுக்கமாட்டார், நானா. அவர்ட முதுகு மண்ணைக் கண்டதே இல்லை."

"கபுர்க் குழிக்குள்ளயுமா?"

"அங்கயும் ஒருக்களிச்சுத்தான் வைச்சவங்களாம்."

இன்னாசிப்பிள்ளையின் மனைவி அல்பொன்சா இதையெல்லாம் சோற்றுப் பானையின் முன்னிருந்து கேட்டுக்கொண்டிருப்பவள். "இவர் தாலி கட்டின அண்டைக்கே என்ர கழுத்தைப் பாத்து எத்தினை அங்குலம் எண்டுதான் யோசிச்சவர்" என்பாள்.

கடைசியில் சூசைப்பிள்ளைச் சம்மாட்டியாருக்குத்தான் தாங்கவில்லை. கயிறு இழுப்பவர்களும் இரண்டு கட்சியாகி, வடகயிற்றுக்காரர் கலந்தர், தென்கயிற்றுக்காரர் ஸ்தெபான் என்று பிரிந்து, வலை கோணலாகக் கரைசேரத் தொடங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்து முத்தலிபு கொழும்பிலிருந்து புது நோட்டீஸ் ஒன்று கொண்டுவந்தார். வரும் சனிக்கிழமை மாலை ஸ்தெபான் கொழும்பில் மல்லுக்கு நிற்கிறான். எதிரே நிற்பவர் கலந்தர் பயில்வானின் சீடருடைய சீடர்.

சம்மாட்டியார் நோட்டீஸை மடித்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"இன்னாசி, வியாழக்கிழமை எங்கட முறை. வலையில நல்ல மீன்பாடு பட்டால் சனிக்கிழமை உனக்கு லீவு. நானாட லொறியில ஏறிப் போ. கண்ணால கண்டுட்டு வந்து ரெண்டு பேரும் வாயைப் பொத்துங்கோ."

இன்னாசிப்பிள்ளை பத்திரிகைத் துண்டை எடுத்து, பிரிக்காமலே, திரும்பவும் இடுப்பில் சொருகிக்கொண்டார். நாற்பத்திரண்டு வயதில் முதன்முதலாக ஒரு மல்யுத்தம் பார்க்கப்போகிறார். வியாழக்கிழமை வலை முடியும்வரை கலந்தர் பெயரை எடுப்பதில்லை என்று அல்பொன்சா அவரைத் தலவில் சந்தன மாதாவின் பேரில் சத்தியம் பண்ண வைத்தாள். மூன்று நாள் அவர் பேசாமல் திரிந்ததைப் பார்த்துச் சிலர் காய்ச்சல் என்று நினைத்தார்கள்.

வியாழன் காலை கடல் எண்ணெய்போலக் கிடந்தது. தெற்கே தண்ணீர் ஒரு பாய் அகலத்துக்குக் கறுத்தது. பிறகு ஒரு முற்றம் அகலத்துக்கு. சூடை. ஆனால் மீன் இன்னும் பாரின்மேல் நின்றது. பார் என்பது தண்ணீருக்குள் கிடக்கும் கற்பாறைத் திட்டு. அதன்மேல் வலை இறக்கினால் கல் தின்றுவிடும். மீன் மணல் நிலத்துக்கு வரும்வரை பொறுக்கவேண்டும். இன்னாசிப்பிள்ளை துவாயை உயர்த்திப் பிடித்தார். தோணி பொறுத்தது. நாற்பது பேரும் பொறுத்தார்கள்.

மீன் எடுக்க வந்திருந்த முத்தலிபு நானாவும் மணல்மேட்டில் ஏறிப் பக்கத்தில் நின்று பொறுத்தார். மனிதர் எவ்வளவு நேரம்தான் பொறுப்பார்?

"லொறில முன்னால உனக்கு எடம் வெச்சிரிக்கேன், இன்னாசி."

"ம்."

"சீடன்ட சீடன் பாவம். ரெண்டு நிமிசம் நிப்பானா?"

இன்னாசிப்பிள்ளை துவாயை இன்னும் ஒரு சாண் உயர்த்திப் பிடித்தார்.

"ஒன்ட பயில்வான்ட சக்கரப் பிடி, சக்கரப் பிடி எண்டு செல்லுவியே. கொழும்புல நாலு பேர்ட்ட கேட்டுட்டேன். அப்புடி ஒரு பிடியே இல்லயாம்."

சத்தியத்தில் பெயரைத்தான் எடுக்கக்கூடாது என்று இருந்தது. பிடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இன்னாசிப்பிள்ளை முத்தலிபுவின் வலது மணிக்கட்டைத் துவாயால் ஒரு சுற்றுச் சுற்றினார், இடுப்பைக் கொடுத்தார், திரும்பினார். முத்தலிபு நானா தம் பருமனையெல்லாம் மறந்து ஒரு வட்டம் போனார், இரண்டாம் வட்டமும் போனார், மூன்றாவதில் கை கழன்று மணலில் மல்லாந்தார். கழன்ற துவாய் இன்னாசிப்பிள்ளையின் தலைக்குமேல் அழகாக, முழுசாக, ஒரு தடவைக்கு இரண்டு தடவை சுழன்றது.

தோணியில் நின்றவர்கள் கீழ்ப்படிவில் குறை சொல்ல முடியாதவர்கள். இறக்கினார்கள்.

"வேண்டா! வேண்டா!" என்று இன்னாசிப்பிள்ளை துவாயை வீசிக் கத்தினார். அதைப் பார்த்துத் தோணி இன்னும் விரைவாக இறக்கியது.

வலை கரைசேர்ந்தபோது, மீன் சேரும் மடியில் ஓர் ஆள் குனியாமல் நுழையக்கூடிய ஓட்டை இருந்தது. ஓட்டையைச் சுற்றிக் கொஞ்சம் கூழான சொறிமுட்டை, கொஞ்சம் பாசி. இரண்டு பேத்தை மீன் மட்டும் நோட்டீஸிலிருந்த ஸ்தெபானைப்போல நெஞ்சை ஊதிக்கொண்டு கிடந்தன. சூடை முழுவதும் தெற்கே உடப்புக் கரைப் பக்கம் போய்விட்டது. சம்மாட்டியார் ஓட்டையைப் பார்த்தார். பிறகு மண்டாடியைப் பார்த்தார்.

"பிடி சரியா வந்திச்சோ?"

இன்னாசிப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, "மூண்டாம் சுத்தில கை கழண்டிட்டுது, சம்மாட்டியார்" என்றார். மெய்யாகவே அதற்குத்தான் வருந்தினார் என்று நான் நினைக்கிறேன்.

லீவு போயிற்று. வெள்ளி, சனி இரண்டு நாளும் எல்லோரும் கரையிலுள்ள வாடிக் கொட்டிலுக்குள் இருந்து வலை பொத்தினோம். மண்டாடிக்கு ஓட்டையின் நடுப்பாகம். அல்பொன்சா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்து, "கலந்தரையும் கூப்பிடுங்க, ஒரு பக்கம் பிடிக்கட்டும்" என்றாள். ஒருவரும் சிரிக்காததால் அவளே சிரித்துவிட்டுப் போனாள். சனிக்கிழமை வெயில் சாய்ந்த நேரம் இன்னாசிப்பிள்ளையின் ஊசி நின்றது. தெற்கே, கொழும்பு இருக்கும் திசையைப் பார்த்து, ஒருவரிடமும் சொல்லாததுபோல, "இப்ப மணி அடிச்சிருப்பாங்கள்" என்றார். அதன்பிறகு அவர் பின்னிய கண்ணிகள் எல்லாம் கோணல். திங்கட்கிழமை அவிழ்த்துத் திரும்பப் பின்ன வேண்டியிருந்தது.

அந்தத் திங்கட்கிழமைதான் முத்தலிபு நானா திரும்பி வந்தார். வாடி வாசலில் லொறியை நிறுத்தி, நடையிலேயே செய்தி தெரிய இறங்கினார். கண்ணால் கண்டவரல்லவா?

"நாலு நிமிசம், இன்னாசி! நாலே நிமிசம்! ஸ்தெபான் தூக்கிப் போட்டான், சீடன்ட சீடன் மல்லாக்க. முடிஞ்சி."

இன்னாசிப்பிள்ளை ஊசியைக் கீழே வைத்தார். செத்துப்போனார் என்று நினைத்தேன்.

"எந்தத் தோள் முதல்ல பட்டது, நானா?"

"ரெண்டும்தான்."

"ரெண்டும் ஒண்டாப் படாது. எது முதல்ல?"

முத்தலிபு யோசித்தார். "இடது... வலது போல."

"எங்க இருந்தனீங்க?"

"கேலரில. பின்னுக்கு. முன்னால ஒரு தொப்பிக்கார துரை."

"தொப்பி கழட்டினவனோ?"

"...இல்ல."

"அப்ப தூக்கினதைக் கண்டனீங்க. விழுந்ததைக் காணேல்லை."

"சத்தம் கேட்டிச்சே!"

"மெத்தைச் சத்தம். மெத்தையில என்ன விழுந்தாலும் ஒரே சத்தம்தான். நான் சொல்றன், கேளுங்க. அவன் கடைசி நேரத்தில ஒருக்களிச்சிருப்பான். அது கலந்தர்ட வழி. நடுவர் எண்ணினது பிழை."

பத்து நிமிடம் ஆயிற்று. கொழும்புக்குப் போகாதவர் சொல்லச் சொல்ல, போனவர் கேட்டார். முதலில் முத்தலிபுவின் கை தாழ்ந்தது, பிறகு குரல் தாழ்ந்தது. கடைசியில் அவர் கருவாட்டுச் சாக்கின்மேல் உட்கார்ந்து, "அப்ப நான் என்னத்தக் கண்டேன்?" என்றார். இரண்டு வருடத்தில் இன்னாசிப்பிள்ளை அவரை இவ்வளவு பரிவோடு பார்த்ததில்லை. "நீங்க கண்டது கொழும்பு, நானா" என்றார்.

அப்போது வாடியின் மூலையில் கதிரையில் இருந்த சூசைப்பிள்ளைச் சம்மாட்டியார் தொண்டையைச் செருமினார். வாயைப் பொத்தவைக்கத் திட்டம் போட்டவர், வலை கிழிந்தவர், மூன்று நாளாக ஒருவரோடும் பேசாதவர். ஏசப்போகிறார் என்று எல்லோரும் ஊசியை நிறுத்தினோம்.

"இல்லை, சும்மா கேக்கிறன்" என்றார் சம்மாட்டியார். "மெத்தையில்லாமல், எங்கட கரை மணல்ல, ஈர மணல்ல பிடிச்சிருந்தால்... ஸ்தெபான்ட சப்பாத்துப் புதையாதோ?"

அன்று வலை பொத்தி முடியவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. நீங்கள் படித்தவர், வெண்பாக்காரரையும் வசன கவிதைக்காரரையும் வேண்டுமானால் ஒரே தட்டில் போட்டு நிறுப்பீர்கள், போன பங்குச் சாமியாரின் பிரசங்கத்தையும் இந்தச் சாமியாரின் பிரசங்கத்தையும் நிறுப்பீர்கள், மல்லர்களை நிறுக்கமாட்டீர்கள். கலந்தரையும் ஸ்தெபானையும் நீங்கள் கண்டதில்லை, இன்றுவரை கேள்விப்பட்டதுகூட இல்லை. கண்டிராதவர் ஒருவர் சொன்னதை, கண்டும் நம்பாதவர் ஒருவரிடம் கேட்டு, பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவன் எழுதியதைத்தான் வாசித்தீர்கள். ஆகவே உங்களுக்கு இந்த வழக்கில் ஒரு கட்சியும் இருக்க முடியாது.

இருக்கட்டும். ஈர மணலில், சப்பாத்தோடு, என்றால்?

பார்த்தீர்களா, யோசிக்கிறீர்கள்.