இரண்டாம் பட்டியின் பசி

மச்சான் சொன்ன இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் நம்பவில்லை. இப்போதும் முழுதாக நம்பவில்லை. முழுப் பொய் என்று தள்ளவும் முடியவில்லை. அதில் ஒரு பகுதியை நானே தின்றிருக்கிறேன்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். அரசு ஆட்டுப்பண்ணையில் தற்காலிக மேற்பார்வையாளர். நான் அதே பண்ணை அலுவலகத்தில் எழுத்தர். அது புரதம் நாகரிகமாக இருந்த காலம். இயக்குநர் முதல் ஓட்டுநர் வரை ஆளுக்கொரு பாட்டிலில் பொடியைப் போட்டுக் குலுக்கினார்கள். கோப்பு நகராத நாளிலும் பாட்டில் குலுங்கியது.

ஆடுகள் மட்டும் ஏன் பின்தங்க வேண்டும் என்று இயக்குநர் வருந்தினார். ஆணை பிறந்தது. முதல் பட்டிக்குக் காய்ந்த புல் மட்டும். இரண்டாம் பட்டிக்குப் புல்லோடு புண்ணாக்கு. ஆணையில் அதன் திருநாமம் 'புரதச் செறிவூட்டி'. ஒவ்வோர் ஆட்டின் பின்னாலும் ஒரு பை கட்டி, விழும் புழுக்கையை எடை போட வேண்டும். ஆய்வு வென்றால் மச்சானுக்கு வேலை நிரந்தரம். தோற்றால் வீடு.

புண்ணாக்கு தின்ற ஆடுகளுக்குப் பசி பிய்த்துக்கொண்டு வந்தது. புல்லை வளைத்து வளைத்துத் தின்றன. நன்றாகச் செரித்து, கொழுத்தன. உள்ளே போவது கூடினால் வெளியே வருவதும் கூடத்தானே செய்யும்? பைகள் நிரம்பி வழிந்தன.

இயக்குநர் பைகளை மட்டும் பார்த்தார். புல்லை எடை போடுவது வேறு பிரிவின் அதிகாரம். அதில் தலையிடுவது விதிமீறல்.

"புரதம் குடுத்தும் இவ்வளவு வெளிய வருதுன்னா, உள்ள என்னய்யா தங்குது?"

"ஆடு நிறைய சாப்பிடுதுங்க சார்."

"சாப்பாட்டைப் பத்தி நான் கேட்டேனா? கழிவு குறையணும். இல்லேன்னா பண்ணையில ஒரு ஆள் குறையும்."

மச்சான் ரகசியமாகப் புண்ணாக்கை நிறுத்திவிட்டாராம். ஆடுகள் புல்லைக் குறைத்தன. பைகள் இளைத்தன, ஆடுகளும் இளைத்தன. "ஆட்டைப் பின்னால தேத்திக்கலாம் மாப்ளே, போன வேலையைத் தேத்த முடியுமா?" என்பது அவர் நியாயம்.

இயக்குநர் பூரித்தார். 'புரதத்தின் மகிமையால் கழிவற்ற செரிமானத்தை நோக்கி இப்பண்ணை வீறுநடை போடுகிறது' என்று மேலிடத்துக்கு நான்தான் தட்டச்சு செய்தேன். நான் தட்டச்சு செய்த எதையும் நான் சந்தேகித்ததில்லை. மச்சான் நிரந்தரமானார்.

அந்த அதிசயப் புண்ணாக்கு தனக்கும் வேண்டும் என்றார் இயக்குநர். அவர் கேட்டதும் அலுவலகமே கேட்டது. பட்டியில் மிச்சம் கிடந்ததை மச்சான் முகம் கோணாமல் இடித்துக் கொடுத்தார். பாட்டில்களில் புண்ணாக்கு குலுங்கியது.

அதன்பின் எல்லோருடைய சாப்பாட்டு டப்பாவும் ஓர் அடுக்கு உயர்ந்தது. கழிப்பறை வாசலில் பதவி மூப்பின்படி வரிசை நின்றது. என் மனைவி, "உங்களுக்குச் சமைச்சுப் போடுறதா, தொட்டி கட்டி ஊத்துறதா?" என்று கேட்டாள்.

அந்த நேரம் பார்த்து மேலிடம் இரண்டாம் பட்டியின் பசி, எடை விவரங்களையும் கேட்டது. எலும்பை எண்ணிவிடலாம் போல நின்ற ஆடுகளுக்கு, அலுவலகத்தை ஒரு சுற்று சுற்றி வந்து மச்சான் கொடுத்த விவரம் அபாரம்: பசி இருமடங்கு, வயிற்றுப் பகுதியில் சிறப்பான வளர்ச்சி, பிற்பகலில் ஆழ்ந்த உறக்கம். அதையும் நான்தான் தட்டச்சு செய்தேன். செய்யும்போதே கொட்டாவி வந்தது.

போன வாரம் மச்சான் ஓய்வு பெற்றார். மாலையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தவரிடம் மெதுவாகக் கேட்டேன்:

"மச்சான், மறைக்காம சொல்லுங்க. எங்களை எந்தப் பட்டியில சேர்த்திருந்தீங்க?"